எழுதத் தெரிகிறது, வாசிக்கத் தெரியவில்லை

கேள்வி: ஏற்காடு ஒன்றியத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் ஜூன் மாதம் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தேன். சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் என் பொறுப்பு. ஒரே அறை, இருபத்திரண்டு பிள்ளைகள். அவர்களில் ஏழு பேர், கரும்பலகையில் எழுதிப் போட்டால் முத்து முத்தாக எழுதிவிடுகிறார்கள். வாசிக்கச் சொன்னால் ஒரு சொல்கூட வரவில்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பாடத்தை முடிப்பதா, இவர்களைப் பார்ப்பதா? சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநரிடம் அனுப்ப வேண்டுமா?

பதில்:

டீச்சர், ‘முத்து முத்தாக எழுதிவிடுகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த முத்துகளைக் கண்டு நானும் பல ஆண்டுகள் மகிழ்ந்துபோயிருக்கிறேன். சேலத்தில் தறிச் சத்தம் ஓயாத ஒரு பகுதியில் வேலையைத் தொடங்கி, பிறகு பதினாறு ஆண்டுகள் உங்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பணியாற்றி, தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவள் நான். மலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில்தான் அந்த மகிழ்ச்சி கலைந்தது.

ஐப்பசி மாதம். மதியத்துக்குமேல் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டது, மின்சாரமும் இல்லை. பலகையில் ஐந்து வரி எழுதிப் போட்டிருந்தேன். இருட்டிக்கொண்டு வந்ததும், ‘எழுதிக்கொண்டிருக்கும் சொல்லை முடித்துவிட்டு நோட்டை மூடுங்கள்’ என்றேன். எல்லாரும் மூடிவிட்டார்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வள்ளி என்று வைத்துக்கொள்வோம், பலகையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருகில் போய்ப் பார்த்தேன். ‘மரங்’ என்பதோடு நின்றிருந்தது. ‘முடித்துவிடு கண்ணு’ என்றேன். ‘பலகை தெரியவில்லை டீச்சர்’ என்றாள். அவள் நோட்டிலேயே இரண்டு வரிக்கு மேலே ‘மரங்கள்’ என்ற சொல் அத்தனை அழகாக இருந்தது, அவள் கையாலேயே எழுதியது. அதைப் பார்த்துக்கூட அவளால் முடிக்க முடியவில்லை. மேலே இருப்பதும் கீழே எழுதிக்கொண்டிருப்பதும் ஒரே சொல் என்பதே அவளுக்குத் தெரியாது.

கோலம் போடுகிறவர் புள்ளியைப் பார்த்துப் பார்த்து இழுப்பதுபோல அவள் எழுத்துகளை வரைந்துகொண்டிருந்தாள். உங்கள் ஏழு பேரும் இதையேதான் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். நாளைக்கே சோதித்துப் பார்த்துவிடலாம். பலகையைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு, ஒரு சொல்லுக்கு எத்தனை முறை தலை நிமிர்கிறார்கள் என்று எண்ணுங்கள். சொல்லுக்கு ஒருமுறை நிமிரும் பிள்ளை வாசிக்கிறது. எழுத்துக்கு ஒருமுறை நிமிரும் பிள்ளை வரைகிறது.

அடுத்து, ஒவ்வொருவரையும் தனியாக அருகில் உட்காரவைத்து ஐந்து நிமிடம் கேளுங்கள். மற்றவர்கள் காதில் விழாத மூலையாக இருக்கட்டும். பாடப் புத்தகத்தைக் கொடுத்துக் கேட்காதீர்கள். காதில் விழுந்து விழுந்து பாடம் மனப்பாடமாகியிருக்கும், படத்தைப் பார்த்தே ஒப்பித்துவிடுவார்கள். சிலேட்டில் நீங்களே எழுதுங்கள். சில எழுத்துகள், பிறகு இரண்டெழுத்து மூன்றெழுத்துச் சொற்கள், பிறகு ஒரு வாக்கியம், பிறகு நான்கு வரி. பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் எவ்வளவு வருகிறது என்று 2005 முதல் நாட்டின் கிராமங்களில் எடுக்கப்பட்டுவரும் அசர் ஆய்வும் ஏறக்குறைய இந்தப் படிகளைத்தான் பயன்படுத்துகிறது: எழுத்து, சொல், சிறு பத்தி, சிறு கதை. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அதுதான் அதன் இடம். வகுப்பு எண் சேர்க்கைப் பதிவேட்டுக்கு மட்டும்தான்.

வள்ளிக்கு இப்படிச் செய்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ப, ம, ர, ல எல்லாம் தெரிந்தன. ‘பலா’ என்று எழுதினேன், வாசித்தாள். ‘பால்’ வந்தது. ‘கொடி’ என்று எழுதினேன், ‘காடி’ என்றாள். முன்னால் நிற்கும் கொம்பைக் கண்டுகொள்ளாமல் பின்னால் நிற்கும் காலை மட்டும் வாசித்திருக்கிறாள். ‘ங்’, ‘ஞ்’ இரண்டும் அடியோடு தெரியவில்லை. அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு ஒன்றுமே தெரியாதவள் என்று நான் எண்ணியிருந்த பிள்ளைக்குத் தெரியாதவை ஒரு கை விரல்களில் அடங்கின. ஆறு வாரத்தில் வாசித்துவிட்டாள். அதற்கு முன் இரண்டரை ஆண்டுகள் அவளிடம் யாரும் தனியாக உட்கார்ந்து கேட்கவில்லை. அதில் கடைசி ஆறு மாதம் நான்.

எழுத்துகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கிவிழும் இடம் இதுதான். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று சுவரில் அட்டை மாட்டிவைக்கிறோம். 216 உருவங்களையும் தனித்தனியாக யாரும் கற்பதில்லை. அகரமேறிய பதினெட்டும் அவற்றோடு சேரும் குறிகளும் பழகினால் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். ஆனால் எல்லாக் குறிகளும் ஒரே அளவு எளிது இல்லை. துணைக்கால் நல்ல பிள்ளை. எந்த எழுத்தானாலும் வலப்பக்கம் வந்து அமைதியாக நின்றுவிடும். 1978-இல் தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ணா, றா, னா ஆகியவையும் அந்த ஒழுங்குக்குள் வந்துவிட்டன. உகரமும் ஊகாரமும் அடம்பிடிப்பவை. கு, சு, து, பு, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகம். இவற்றுக்கு விதி சொல்லிக்கொண்டிருக்காமல் குடம், சுவர், துணி, புலி, முயல் என்று சொல்லோடு சொல்லாகப் பழக்குங்கள்.

கொம்பு இன்னொரு வகைச் சிக்கல். கண் இடமிருந்து வலமாகப் போகிறது. ‘கெ’யில் முதலில் கண்ணில் படுவது கொம்பு. நாக்கோ ககரத்தில் தொடங்க வேண்டும். ‘கொ’, ‘கோ’ இரண்டிலும் ஒரே ஒலி எழுத்தின் இரு பக்கமும் பிரிந்து உட்கார்ந்திருக்கிறது. பெரியவர்களான நமக்கு இது கண்ணிலேயே படுவதில்லை. பிள்ளைக்கு இது புதிர். நான் இதைப் பிள்ளைகளையே நிற்கவைத்து விளையாட்டாகச் செய்வேன். ஒரு பிள்ளை கையில் ‘க’ அட்டை. இன்னொரு பிள்ளை கொம்பு அட்டையோடு ஓடிவந்து அதன் இடக்கைப் பக்கம் நிற்கும். ‘முன்னால் நிற்பேன், பின்னால் பேசுவேன்’ என்று சொல்லும். மூன்றாவது பிள்ளை கால் அட்டையோடு வலக்கைப் பக்கம் வந்ததும் மூவரும் கைகோத்துக்கொண்டு ‘கொ’ என்று கத்த வேண்டும். ‘க’வை எடுத்துவிட்டு ‘ப’, ‘ம’, ‘த’ என்று மாற்றிக்கொண்டே போகலாம். இரண்டு நாளில் கொம்பின் குணம் புரிந்துவிடும்.

தொடக்கத்தில் எழுத்துகள் குறைவாகவும் சொற்கள் நிறையவும் இருக்கட்டும். ப, ட, ம என்ற மூன்றும், ட், ம் என்ற புள்ளி வைத்த இரண்டும் தெரிந்தால் போதும். படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். துணைக்கால் சேர்ந்தால் பாடம், மாடம், மாமா. முதல் வாரத்திலேயே பிள்ளை ஒரு சொல்லைத் தானாக வாசித்துவிட வேண்டும். அந்த நேரத்தில் அதன் முகத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிடாமலேயே வந்து பக்கத்தில் உட்காரும்.

எழுத்துக் கூட்டத் தெரிந்தும் வாசிப்பு வராத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குத் தடை வேறு இடத்தில் இருக்கிறது. ‘க’ என்ற ஒரே எழுத்து ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’ என்ற மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. ‘ப-க-ல்’ என்று கூட்டிய பிள்ளை, அதைப் ‘பகல்’ என்று வாயில் கொண்டுவர வேண்டுமானால் அந்தச் சொல்லை முன்பே காதால் கேட்டிருக்க வேண்டும். கேளாத சொல்லை எழுத்துக் கூட்டி எப்படி அடையாளம் காணும்? போதாக்குறைக்கு நம் புத்தகத் தமிழ் யார் வீட்டிலும் பேசப்படுவதில்லை. வீட்டில் ‘மழை வந்துச்சு’. புத்தகத்தில் ‘மழை வந்தது’. இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்லர்) வீட்டிலும் தமிழ்தான் பேசுகிறார்கள். ஆனால் அதன் இழுப்பும் சில சொற்களும் ஆத்தூர்த் தமிழிலிருந்து வேறுபடும். பிள்ளை வீட்டுத் தமிழில் பேசும்போது இடைமறித்துத் திருத்தாதீர்கள். ஒருமுறை திருத்தினால் அன்றைக்கு வாயை மூடிக்கொள்ளும். மூன்று முறை திருத்தினால் அந்த ஆண்டு முழுவதும் மூடிக்கொள்ளும். நீங்கள் அவர்களிடம் சொற்களைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். டீச்சருக்கும் தெரியாதது உண்டு, அதை நான் சொல்லித்தரலாம் என்று பிள்ளை அறிவது பெரிய பாடம்.

புத்தகத் தமிழ் காதுக்குள் போக ஒரே வழி, தினமும் நீங்கள் கதை வாசித்துக் காட்டுவது. சொல்வது வேறு, வாசிப்பது வேறு. புத்தகத்தைக் கையில் பிடித்து, வரியில் விரல் ஓட்டி, ஏற்ற இறக்கத்தோடு வாசியுங்கள். மூன்று வகுப்பும் ஒன்றாக உட்காரட்டும். இருபது நிமிடம். இதை நேர விரயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்கு மிகவும் கைகொடுத்த இன்னொரு வழி, அவர்கள் சொல்வதை எழுதிக் காட்டுவது. ஜூன் மாதம் பள்ளி திறந்தவுடன் பிள்ளைகள் மே மாதத்துச் சேர்வராயன் கோயில் திருவிழாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு பிள்ளையை அழைத்து, ‘ஒரே ஒரு வாக்கியம் சொல்’ என்பேன். ‘தாத்தா எனக்கு ராட்டினம் காட்டினார்’ என்றால் அதைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி, கீழே அந்தப் பிள்ளையின் பெயரைப் போடுவேன். தன் வாயிலிருந்து வந்த வாக்கியம் என்பதால் அடுத்த நொடியே அதை வாசித்துவிடும். மனப்பாடம்தானே என்று தோன்றும், சரிதான். பிறகு அந்தத் தாளைச் சொல் சொல்லாகக் கத்தரித்துக் கலைத்துப்போட்டு அடுக்கச் சொல்லுங்கள். அங்கேதான் வாசிப்பு தொடங்குகிறது. ஒரு மாதத்தில் இருபது தாள் சேரும். கோணி ஊசியால் தைத்தால் அந்த வகுப்புக்கென்று ஒரு புத்தகம். நூலகப் புத்தகங்களைவிட அது வேகமாகக் கிழியும், அத்தனை பேர் எடுப்பார்கள்.

இனி, உதவி செய்வதைப் பற்றி. இளம் ஆசிரியர்கள் அன்பு மிகுதியால் தவறுகிற இடம் இது; நானும் தவறினேன். பிள்ளை திணறினால் சொல்லை நாமே சொல்லிவிடுகிறோம். கை நடுங்கினால் பிடித்து எழுதவைக்கிறோம். அது அந்த நேரத்துக்கு நல்லது. அடுத்த வாரமும் அதே சொல்லில், அதே உதவியோடு நின்றால் நல்லதில்லை. கொத்தனார் சுவர் எழுப்பும்போது சாரம் கட்டுகிறார். பூச்சு முடிந்ததும் பிரித்துவிடுகிறார். 1976-இல் டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் மரக்கட்டைகளைக் கோபுரமாக அடுக்கப் பெரியவர் ஒருவர் எப்படித் துணைநிற்கிறார் என்று கவனித்து எழுதியபோது, அந்தத் துணைக்குச் சாரம் என்ற பெயரைத்தான் வைத்தார்கள். தானாகச் செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் இடையிலுள்ள வெளியில்தான் கற்றல் நடக்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி அதற்கும் முன்பே சொல்லியிருந்தார். இந்தப் பெயர்களைப் பயிற்சி வகுப்பில் கேட்டிருப்பீர்கள். மலைப்பள்ளியில் அது எப்படி இருக்கும் என்றால்: திங்கட்கிழமை ‘கொடி’ என்று நீங்கள் முழுவதும் சொல்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை ‘கொ’ மட்டும் சொல்கிறீர்கள். புதன்கிழமை கொம்பைத் தொட்டுக் காட்டுகிறீர்கள், வாய் திறப்பதில்லை. வியாழக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை எழுந்து வேறு பிள்ளையிடம் போய்விடுகிறீர்கள்.

நடுவில் காத்திருப்பதுதான் கடினம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன; பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு மூன்று நொடியும் போதாது. மனதுக்குள் ஒன்று முதல் பத்து வரை எண்ணிக்கொள்வேன். பக்கத்துப் பிள்ளை பதிலைச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலை.

மூன்று வகுப்பு ஒரே அறையில் எப்படி என்று கேட்பீர்கள். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. பிள்ளைகள் குறைவான மலைக் கிராமங்களில் பல்வகுப்புக் கற்பித்தல்தான் நடைமுறை. மூன்று பாடத்தை மாறி மாறி நடத்தினால் மாலைக்குள் தொண்டை போய்விடும். யாருக்கும் ஒன்றும் போய்ச் சேராது. பாயை மூன்றாக விரியுங்கள், வகுப்பு வாரியாக அல்லாமல் நிலை வாரியாக. அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமாக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் நிலைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பது இதற்குத்தான். முதலில் மூன்றாம் வகுப்பு வரை இருந்தது, பிறகு ஐந்தாம் வகுப்பு வரை வந்தது. ஒரு பாய் உங்களோடு வாசிக்கும். ஒன்று இருவர் இருவராகத் தமக்குள் வாசிக்கும். ஒன்று எழுதும் அல்லது கணக்குப் போடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நீங்கள் இடம் மாறுங்கள். பிள்ளைகளை ‘அரும்பு’ என்று அழைக்காதீர்கள். நிலைகள் உங்கள் குறிப்பேட்டுக்கு. ஐந்தாம் வகுப்புப் பையனை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் அரும்பு என்றால் அவன் நாளைக்கு வரமாட்டான்.

2007-08 முதல் மாநிலம் முழுவதும் செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு அவரவர் வேகத்தில் கற்கும் முறை, இருந்த காலத்தில் நான் பணியில் இருந்தேன். ஏணிப்படி அட்டை, தட்டுகள், தரையோடு ஒட்டிய கரும்பலகை. பத்து நாள் வராத பிள்ளையும் விட்ட அட்டையிலிருந்து தொடங்கலாம் என்பது மலைப்பள்ளிக்கு அது தந்த பெரிய வரம். குறை என்னவென்றால், அட்டையைக் கொடுப்பதும் வாங்குவதுமாகவே பொழுது போய், பிள்ளைகளோடு சேர்ந்து பேசுவது குறைந்துபோனது. என் வகுப்பில் அப்படித்தான் ஆயிற்று. அட்டைகள் பீரோவில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பல இன்றும் உதவும்.

நன்றாக வாசிக்கும் பெரிய பிள்ளைகளைச் சிறியவர்களுக்குத் துணையாக வைக்கலாம், நாளுக்கு கால்மணி நேரம். அதற்குமேல் வேண்டாம். அவர்களும் படிக்கத்தான் வந்திருக்கிறார்கள்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், கணக்கிலும் இதே கதைதான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 52-இலிருந்து 28-ஐக் கழிக்கச் சொன்னால் 36 என்று எழுதும் பிள்ளைகள் உங்களிடமும் இருப்பார்கள். தப்பு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போகாதீர்கள். ‘எப்படிப் போட்டாய், சொல்’ என்று கேளுங்கள். ‘எட்டில் இரண்டு போனால் ஆறு, ஐந்தில் இரண்டு போனால் மூன்று’ என்று சொல்லும். எந்த இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்று தானாகவே ஒரு விதி வைத்திருக்கிறது. அந்த விதியைத் தவறாமல் கடைப்பிடிக்கிறது. 52 என்பது ஐந்தும் இரண்டும் என்று அது நினைக்கும் வரை ‘கடன் வாங்கு’ என்று நாம் சொல்வது மந்திரம் மாதிரிதான் கேட்கும். விளக்குமாற்று ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு குச்சி கொடுத்து, ‘இருபத்தெட்டு குச்சி எனக்குக் கொடு’ என்று கையை நீட்டுங்கள். உதிரி போதாமல் பிள்ளை உங்களைப் பார்க்கும், கட்டைப் பார்க்கும். நீங்கள் பேசாதீர்கள். தானாக ஒரு கட்டை அவிழ்க்கும். அதற்குப் பிறகுதான் பலகைக்கு வர வேண்டும்.

எண்ணுப் பெயர்களிலும் கவனம் வையுங்கள். நூற்று ஐந்து என்றால் 1005 என்று எழுதுவது காதில் விழுந்ததை அப்படியே எழுதுவதால். தொண்ணூறு என்ற பெயருக்குள்ளேயே நூறு ஒலிக்கிறது. அதனால் தொண்ணூற்றைந்து பல பிள்ளைகளுக்குப் பெரிய குழப்பம்.

கணக்குக்கான பொருள்கள் மலையிலேயே கிடக்கின்றன. காப்பிப் பழத்தை வைத்து இரண்டாம் வாய்ப்பாடு நடத்தினேன். ஒரு பழத்துக்கு இரண்டு கொட்டை, ஐந்து பழத்துக்கு எத்தனை என்று. ஒரு பையன் ஒரு பழத்தைப் பிதுக்கிக் காட்டி, ‘இதில் ஒன்றுதான் இருக்கிறது டீச்சர்’ என்றான். உண்மைதான், சில பழங்களில் உருண்டையாக ஒற்றைக் கொட்டைதான் இருக்கும். அன்றைக்கு வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு, நூறு பழத்தில் எத்தனை ஒற்றைக் கொட்டை என்று எல்லாரும் சேர்ந்து எண்ணினோம். அந்தப் பையன் நோட்டில் எதுவும் எழுதாதவன். எண்ணிக்கையைப் பலகையில் எழுதும் பொறுப்பை அவனுக்குக் கொடுத்தேன், எழுதினான்.

வீட்டில் ஆளில்லை என்கிறீர்கள். ஆள் இருக்கிறார்கள், எழுத்துதான் இல்லை. தாயிடம் ‘பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்’ என்றால் கூசிப்போவார். ‘ராத்திரி அடுப்பு வேலை செய்யும்போது பிள்ளை ஒரு பக்கம் வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள், நின்றுவிட்டால் முதலிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். இதற்கு எழுத்தறிவு தேவையில்லை. மிளகு எடை போடுவது, கூலிக் கணக்கு, சந்தைச் செலவு எல்லாம் அவர்கள் வாய்க்கணக்கில் இருக்கின்றன. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தக் கூட்டத்தைக் கையெழுத்து வாங்குவதோடு முடித்துவிடாமல், ஒரு தாயையோ தாத்தாவையோ வகுப்புக்கு வந்து ஒரு கதை சொல்லக் கேளுங்கள். நான் கேட்டபோது ஒரு பாட்டி வந்து ஒரு மணி நேரம் பேசினார். அவருடைய பேரன் அதுவரை வகுப்பில் வாய் திறக்காதவன். பாட்டி மறந்த இடத்தை அவன்தான் எடுத்துக்கொடுத்தான்.

சிறப்புப் பயிற்றுநரைப் பற்றிக் கேட்டீர்கள். வட்டார வள மையத்தில் இருக்கிறார்கள், கட்டாயம் அணுகுங்கள். ஆனால் அதற்கு முன் கண்ணையும் காதையும் பாருங்கள். இதை எழுதும்போது எனக்கு இன்னும் மனம் வலிக்கிறது. சேலத்தில் வேலை பார்த்தபோது ஒரு பையனை மந்தமானவன் என்று முடிவுகட்டி, பின் வரிசையில் உட்காரவைத்திருந்தேன். கண் பரிசோதனை முகாமில்தான் தெரிந்தது, அவனுக்குப் பலகையே தெரியவில்லை. கண்ணாடி வந்த மறுவாரம் அவன் முன் வரிசையில் இருந்தான். இழந்த ஓர் ஆண்டை நான் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. காதில் சீழ் வடியும் பிள்ளைகள் மழைக்காலத்தில் பாதிப் பாடத்தைக் கேட்பதே இல்லை. முதுகுப் பக்கம் நின்று மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சந்தேகமுள்ள பிள்ளைகளை நீங்களே முன்னிறுத்துங்கள். கண்ணும் காதும் சரியாக இருந்து, தினமும் தனியாகக் கற்பித்தும் இரண்டு மாதத்தில் அசைவே இல்லையென்றால் அப்போது சிறப்புப் பயிற்றுநரிடம், நீங்கள் எழுதிவைத்த குறிப்போடு போங்கள். ‘ஒன்றும் வரவில்லை’ என்று சொல்வதைவிட ‘சொல்லுக்குள் எழுத்துகளை இடம் மாற்றி வாசிக்கிறான்’ என்று சொல்வது அவர்களுக்கு உதவும்.

பாடத்தை முடிப்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டையும் செய்யுங்கள், ஒரே வழியில் செய்யாதீர்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு யோசிக்கத் தெரியும். மூன்றாம் வகுப்பு அறிவியலையும் சமூக அறிவியலையும் நீங்கள் வாசித்துக்காட்ட, அவர்கள் கேட்டு, பேசி, படம் வரைந்து மற்றவர்களோடு சேர்ந்தே கற்கட்டும். அதில் அவர்களை ஒதுக்கினால் வாசிப்பு வந்த பிறகும் ஒன்றும் புரியாத பிள்ளைகளாக நிற்பார்கள். தமிழ் நேரத்தில் மட்டும் அவரவர் இடத்திலிருந்து. பார்வைக்கு வரும் அதிகாரி கேட்டால், அந்த ஏழு பேரின் பெயருக்கு நேரே தொடங்கியபோது எந்தப் படி, இப்போது எந்தப் படி என்று எழுதிய தாளைக் காட்டுங்கள். நான் காட்டியவர்களில் யாரும் அதைப் பார்த்துவிட்டுக் கடிந்துகொள்ளவில்லை.

பலகையைப் பார்த்து எழுதுவதை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம், அந்த ஏழு பேருக்கும் அது ஒன்றுதான் பாராட்டுக் கிடைத்த இடம். அளவைக் குறையுங்கள். ஐந்து வரிக்குப் பதில் மூன்று சொல்; எழுதியதை மறைத்துவிட்டு ‘இப்போது பார்க்காமல் எழுது’ என்று சொல்லுங்கள்.

ஒரு கணக்கை மனதில் வையுங்கள். இப்போது ஆகஸ்ட். நவம்பரில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கினால் தை வரை பறிப்பு, அதன்பின் மிளகு. விடியற்காலையில் அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு பசியோடு வருவது நின்றிருக்கிறது, வருகையும் கூடியிருப்பதாகவே என் பழைய பள்ளியில் சொல்கிறார்கள்; ஆனாலும் பறிப்புக் காலம் பறிப்புக் காலம்தான். அந்த மூன்று மாதத்தில் புதிய எழுத்து எதையும் தொடங்காதீர்கள், தெரிந்ததை வாசிக்கவையுங்கள். நான்கு நாள் கழித்து வரும் பிள்ளையிடம் ‘ஏன் வரவில்லை’ என்பதை முதல் வாக்கியமாகக் கேட்காதீர்கள். ‘உன் வாக்கியத்தாள் இங்கே காத்துக்கொண்டிருக்கிறது, எடுத்து வாசி’ என்று சொல்லுங்கள். ஆக, உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் போலக் கையில் இருக்கிறது. ஏழு பேரையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத்து ஓரளவு தெரிந்து, கொம்பில் மட்டும் தடுக்கும் இரண்டு மூன்று பேர் அவர்களில் நிச்சயம் இருப்பார்கள். அவர்களிடமிருந்து தொடங்குங்கள், அவர்கள் வாசிப்பதை மற்ற நால்வரும் பக்கத்துப் பாயிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.